அதிபர் அவர்களே, டிசம்பர் 6 வரை ஜார்ஜியாவுக்கு வராதீர்கள்

ஜான்ஸ் கிரீக், ஜார்ஜியா
27 நவம்பர் 2022, ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய அதிபர் ஜோ பைடன் அவர்களுக்கு,

வணக்கம். நேற்றுக் காலை எங்கள் பகுதி நூலகத்தின் முன் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, நம் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் ரஃபேல் வார்னாக்குக்கு வாக்களித்துவிட்டு வந்தேன். 2020 நவம்பரில் இதே நூலகத்தில்தான் உங்களுக்கு வாக்களித்தேன். குடியுரிமை பெற்றபின் நான் செலுத்திய முதல் வாக்கு அது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். இரண்டாம் சுற்று முடியும்வரை, அதாவது டிசம்பர் 6 இரவு ஏழு மணிக்கு வாக்குச்சாவடிகள் மூடும்வரை, தயவுசெய்து ஜார்ஜியாவுக்குப் பிரசாரம் செய்ய வராதீர்கள்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. "அதிபர் ஏன் இன்னும் வரவில்லை, நம் மாநிலத்தைக் கைவிட்டுவிட்டாரா?" என்று எங்கள் ஊர்த் தமிழர்கள் என்னிடம் கேட்டபடி இருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்வது அவர்கள் காதிலும் விழ வேண்டும். உங்கள் துணை அதிபர் கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலனின் தாய்மொழியும் இதுதான். வெள்ளை மாளிகைக்கு இது முற்றிலும் அந்நியமான எழுத்தாக இருக்காது என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நவம்பர் 9 காலையில், வார்னாக் 49.4 சதவிகிதம், குடியரசுக் கட்சியின் ஹெர்ஷல் வாக்கர் 48.5 சதவிகிதம், யாருக்கும் பாதி இல்லை, மறுபடியும் தேர்தல் என்று தெரிந்தபோது, நானும் உங்கள் வருகையைத்தான் விரும்பினேன். நான் மதுரைப் பக்கம் வளர்ந்தவள். எங்கள் ஊரில் இடைத்தேர்தல் என்றால் அமைச்சரவையே தொகுதியில் வந்து முகாமிடும். திருமண மண்டபங்களில் அறை கிடைக்காது. தலைவர் வராத தொகுதி என்றால் கட்சி கைகழுவிய தொகுதி என்று பொருள். அந்தப் பழக்கத்தில், அட்லாண்டாவில் நீங்கள் ஒரு கூட்டம் பேசினால் போதும், கரையேறிவிடலாம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கதவு தட்டிய பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

என் தொழில் மருந்தாளுநர். வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் வார்னாக்குக்காக வீடு வீடாகப் போகிறேன். போன வாரம் ஃபோர்சைத் கவுண்டியின் தெற்கு ஓரத்தில் எனக்கு ஒரு தெரு கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டுப் புல்வெளியில் ஆளுநர் பிரயன் கெம்ப்பின் பெயர்ப் பலகை இன்னும் நின்றுகொண்டிருந்தது. தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பட்டியலில் எண் இருந்ததால் மணியை அடித்தேன். எழுபது வயதுக்குமேல் இருக்கும் ஒருவர் வந்தார். நான் யாருக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கதவைச் சாத்தவில்லை. "கெம்ப்புக்குப் போட்டேன். வாக்கருக்குப் போடக் கை வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன்" என்றார். நான் மருந்தாளுநர் என்று பேச்சில் வந்தவுடன் குரல் மாறியது. அவர் மனைவிக்கு நீரிழிவு. ஜனவரியிலிருந்து மெடிகேரில், அதாவது முதியோருக்கான அரசுக் காப்பீட்டில், இன்சுலின் மாதம் 35 டாலருக்குமேல் போகாதாமே, உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றேன். அதற்காக வார்னாக் செனட்டில் எவ்வளவு மல்லுக்கட்டினார் என்றும் சொன்னேன்.

அவர் வாசல் தூணில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எப்படியிருந்தாலும் நான் பைடனுக்கு ஓட்டுப் போட மாட்டேன்" என்றார்.

"பைடன் வாக்குச்சீட்டில் இல்லை ஐயா. இரண்டே பெயர்கள்தான் இருக்கின்றன. இருவரும் ஜார்ஜியாக்காரர்கள்" என்றேன்.

அவர் மெல்லத் தலையசைத்தார். "அது சரிதான்" என்றார். யோசிப்பதாகச் சொன்னார். எங்கள் வேலையில் அந்த ஒரு சொல் கிடைப்பதே பெரிது.

அதிபர் அவர்களே, நீங்கள் அட்லாண்டா மேடையில் வார்னாக்கின் கையைப் பிடித்துத் தூக்கும் அந்த நிமிடமே, அந்த வாசலில் நான் சொன்னது பொய்யாகிவிடும். நீங்கள் வாக்குச்சீட்டில் ஏறிவிடுவீர்கள். இவ்வளவு நீளமாக எழுதுவது அந்த ஒரு காரணத்தால்தான்.

இவர் ஒருவர் மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நவம்பர் 8 அன்று கெம்ப் ஏறத்தாழ 21 லட்சத்து 11 ஆயிரம் வாக்குகள் பெற்றார். அதே கட்சியின் வாக்கருக்கு விழுந்தவை 19 லட்சத்து 8 ஆயிரம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசம். ஆளுநருக்கு ஒரு கட்சி, செனட்டருக்கு அந்தக் கட்சி வேண்டாம் என்று தனித்தனியே எடைபோட்டவர்கள் அவர்கள். சிலர் வார்னாக்குக்குப் போட்டார்கள். சிலர் லிபர்டேரியன் என்ற சிறு கட்சியின் வேட்பாளருக்குப் போட்டார்கள். சிலர் அந்த முதியவரைப்போலக் காலியாக விட்டார்கள். முதல் சுற்றில் வார்னாக் முந்தி நின்றது 38 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில். இந்த இரண்டு லட்சம் பேரில் நாற்பதாயிரம் பேர் கோபித்துக்கொண்டு தங்கள் கட்சிக்கே திரும்பிப் போனாலும் கதை முடிந்தது.

எதிர்த்தரப்புக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களுடைய விளம்பரங்களைப் பாருங்கள். வாக்கர் என்ன செய்வார் என்று அவை அதிகம் பேசுவதில்லை. வார்னாக் 96 சதவிகித நேரம் பைடனோடு சேர்ந்து வாக்களித்தார் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. விலைவாசி அக்டோபரில் ஓராண்டுக்கு 7.7 சதவிகிதம் ஏறியிருக்கிறது. முட்டையும் வாடகையும் ஏறிய கோபத்தை எல்லாம் உங்கள் முகத்தில் ஒட்டி, அந்த முகத்தை வார்னாக்கின் தோளுக்குப் பின்னால் வைக்க முயல்கிறார்கள். இவ்வளவு பணம் கொட்டியும் அந்த ஒட்டு முழுதாகப் பிடிக்கவில்லை. நீங்களே வந்து பக்கத்தில் நின்றால் அவர்களுக்கு இனி விளம்பரம் எடுக்கும் செலவுகூட மிச்சம்.

வார்னாக் எப்படிப் பேசுகிறார் என்பதையும் கவனித்திருப்பீர்கள். டெக்சாஸின் டெட் குரூஸோடு சேர்ந்து நெடுஞ்சாலைத் திட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்ததை மேடைக்கு மேடை சொல்கிறார். அலபாமாவின் டாமி டியூபர்வில்லோடு சேர்ந்து நிலக்கடலை விவசாயிகளுக்காக எழுதியதைச் சொல்கிறார். இவை உங்கள் ஆட்சியைக் குறை சொல்லும் பேச்சல்ல. 'நான் முதலில் ஜார்ஜியாவின் ஆள்' என்று அவர் தன் வாயால் சொல்லாமல் சொல்லும் விதம். எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் 2005 முதல் பிரசங்கம் செய்து பழகிய மனிதர். எந்தச் சொல் எந்த வரிசையில் அமர்ந்திருப்பவரைத் தொடும் என்று அவருக்குத் தெரியும். உங்களை வாருங்கள் என்று அவர் வற்புறுத்தி அழைக்கவில்லை என்பதிலிருந்தே நீங்கள் படித்துக்கொள்ளலாம்.

இந்த மண்ணில் இது ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. அதுவும் இதே இருக்கைக்காக. அட்லாண்டாவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் பார்ன்ஸ்வில் என்ற சிற்றூர் வரும். 1938 ஆகஸ்ட் 11 அன்று ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அங்கே வந்தார். கிராமப்புறப் பண்ணைகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கூட்டுறவுத் திட்டத்தின் தொடக்க விழா. போலியோவுக்காக வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீரில் நீந்த வந்து, அங்கேயே குடிசை கட்டிக்கொண்டு, ஜார்ஜியாவைத் தன் இன்னொரு மாநிலம் என்று சொந்தம் கொண்டாடியவர் அவர். அந்தக் குடிசைக்கு முதல் மின்கட்டணச் சீட்டு வந்தபோது ஒரு யூனிட் 18 சென்ட் என்று போட்டிருந்ததாம், நியூயார்க்கில் தன் வீட்டுக்குக் கொடுப்பதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. கிராமங்களுக்கு மலிவாக மின்சாரம் வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சீட்டிலிருந்து பிறந்தது என்று அன்று மேடையில் சொன்னார். கூட்டம் கேட்டு மகிழ்ந்திருக்கும். 1936 தேர்தலில் அவருக்கு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வாக்களித்த மாநிலம் இது.

பிறகு அவர் பேச்சைத் திருப்பினார். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையை உயர்த்தும் திட்டத்தில் தன்னை எதிர்த்த சொந்தக் கட்சி செனட்டர் வால்டர் ஜார்ஜ் அதே மேடையில் அமர்ந்திருக்க, அவரை நண்பர் என்று அழைத்துவிட்டு, ஆனால் எனக்கும் அவருக்கும் அரசியலில் ஒத்துப்போகாது, அவரை எதிர்த்து நிற்கும் லாரன்ஸ் கேம்ப்புக்கு வாக்களியுங்கள் என்றார். ஜார்ஜ் எழுந்து அதிபரின் கையைப் பற்றி, சவாலை ஏற்கிறேன் என்று சொன்னார். அடுத்த மாதம் நடந்த கட்சியின் உள்தேர்தலில் ஜார்ஜ் வென்றார். அதிபரின் ஆள் மூன்றாம் இடத்துக்குப் போனார். அதே கோடையில் தென் கரோலினாவிலும் மேரிலாந்திலும் ரூஸ்வெல்ட் வீழ்த்த நினைத்த செனட்டர்களும் வென்றார்கள்.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைக்க மாட்டேன். அந்த 1938 உள்தேர்தலில் கறுப்பின மக்களுக்கு வாக்கு இல்லை. வெள்ளையருக்கு மட்டுமான தேர்தல் அது. வால்டர் ஜார்ஜ் அமர்ந்திருந்த அதே இருக்கையில், ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டராக இன்று வார்னாக் அமர்ந்திருக்கிறார். ஆகவே அந்த ஊர் பழைய ஊர் அல்ல. ஆனாலும் ஒன்று மாறவில்லை. மேலேயிருந்து வந்து, உங்கள் செனட்டர் யார் என்று நான் சொல்கிறேன் என்ற தொனி காதில் விழுந்தால், அதிபரை நேசிப்பவர்களுக்குக்கூட முதுகு விறைக்கிறது. ரூஸ்வெல்ட்டை அவர்கள் வெறுக்கவில்லை. அவருக்கு அதற்குப் பிறகும் வாக்களித்தார்கள். செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள்.

அண்மைக் கதை வேண்டுமென்றால் மாசசூசெட்ஸ். அப்போது நீங்கள் துணை அதிபர், எனவே உள்ளிருந்தே பார்த்திருப்பீர்கள். செனட்டர் டெட் கென்னடி மறைந்து காலியான இடத்துக்கு 2010 ஜனவரி 19 அன்று தேர்தல். இரண்டு நாள் முன்னதாக, ஞாயிற்றுக்கிழமை, ஒபாமா பாஸ்டனுக்குப் பறந்து நம் கட்சி வேட்பாளர் மார்த்தா கோக்லிக்காகப் பேசினார். ஓராண்டுக்கு முன்புதான் அந்த மாநிலத்தில் 26 புள்ளி வித்தியாசத்தில் வென்றவர். எதிர்வேட்பாளர் ஸ்காட் பிரவுன் ஓட்டிக்கொண்டு திரிந்த பழைய டிரக்கைப் பற்றி, டிரக் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார். பொருளாதார மந்தத்தில் வண்டி வாங்க முடியாமல் தவித்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பிரவுனோ, இது கென்னடி குடும்பத்தின் இருக்கையுமல்ல, கட்சியின் இருக்கையுமல்ல, மக்களின் இருக்கை என்று விவாத மேடையில் சொல்லி வைத்திருந்தார். அதிபரின் விமானம் இறங்கியதும், அந்த வாக்கியத்துக்குச் சான்று கிடைத்ததுபோல் ஆகிவிட்டது. பிரவுன் ஏறத்தாழ ஐந்து புள்ளி வித்தியாசத்தில் வென்றார். செனட்டில் எதிர்க்கட்சியின் முட்டுக்கட்டையை உடைக்கத் தேவையான அறுபதாவது வாக்கு போனது. ஒபாமா வராமல் இருந்திருந்தால் கோக்லி வென்றிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. கப்பல் முன்பே சாய்ந்துவிட்டது. ஆனால் அதிபர் வந்ததால் அது நிமிரவில்லை. தோல்வி மட்டும் மாநிலத் தோல்வியாக நில்லாமல் அதிபரின் தோல்வியாகப் பெயர் மாறியது.

அதிபர் வந்ததால் தன் கட்சி கெட்டதை எங்கள் கண்ணாலேயே பார்த்த கதையும் உண்டு. 2020 டிசம்பர் 5 அன்று வால்டோஸ்டாவுக்கும், 2021 ஜனவரி 4 அன்று டால்ட்டனுக்கும் டொனால்ட் டிரம்ப் வந்தார். தன் கட்சியின் இரண்டு செனட்டர்களுக்கு வாக்குக் கேட்க வந்தவர், தன்னிடமிருந்து தேர்தல் திருடப்பட்டது என்பதைத்தான் அதிகம் பேசினார். இடையே ஜனவரி 2 அன்று, தேர்தலை மேற்பார்வையிடும் மாநிலச் செயலரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்ட பதிவும் வெளியானது. நவம்பரில் வாக்களித்த ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர் ஜனவரி 5 அன்று வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை என்று பின்னர் அட்லாண்டா நாளிதழ் கணக்கெடுத்தது. அவரை நம்பியவர்களிடமே வாக்குப் போட்டு என்ன பயன் என்ற சோர்வை அவர் விதைத்துவிட்டுப் போனார். இரண்டு இடங்களும் போயின. இந்த முறை, இந்த நான்கு வாரத்தில், அவர் இதுவரை ஜார்ஜியாவில் ஒரு மேடையும் ஏறவில்லை. அவருடைய கட்சியிலேயே பலர் அதுதான் நல்லது என்று நினைக்கிறார்கள். ஆளுநர் கெம்ப்பை முன்னால் நிறுத்துகிறார்கள். நவம்பர் 19 அன்று ஸ்மர்னாவில் வாக்கரோடு மேடையேறியவர் அவர்தான். அவர்கள் பாடம் படித்துவிட்டார்கள்.

இனி நீங்கள் கேட்கக்கூடியது எனக்குத் தெரியும். அதே ஜனவரி 4 அன்று நானும் அட்லாண்டாவுக்கு வந்தேனே, நம் கட்சியின் இரண்டு செனட் வேட்பாளர்களான ஜான் ஆஸாஃபும் வார்னாக்கும் வென்றால் 2,000 டாலர் காசோலை வரும் என்று சொன்னேனே, வென்றோமே என்பீர்கள். வென்றோம். அந்தக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து நானும் கைதட்டினேன். ஆனால் அன்று நீங்கள் பதவி ஏற்கவில்லை. உங்கள் மீது யாருக்கும் எந்தக் கணக்கும் பாக்கியில்லை. கையில் வாக்குறுதி மட்டும் இருந்த மனிதராக வந்தீர்கள். இன்று கையில் இரண்டு ஆண்டுக் கணக்கு இருக்கிறது. நல்ல கணக்கும் உண்டு, உங்கள் கையில் இல்லாத காரணங்களால் வந்த கெட்ட கணக்கும் உண்டு. உங்களை ஆதரிப்போர் நாடு முழுவதும் நூற்றுக்கு நாற்பதை ஒட்டியே இருக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் பிலடெல்பியாவில் ஒபாமாவோடு சேர்ந்து செனட் வேட்பாளர் ஜான் ஃபெட்டர்மனுக்காகப் பேசினீர்கள், அவரும் வென்றார். பென்சில்வேனியா நீங்கள் பிறந்த மாநிலம். பிறந்த ஊரான ஸ்கிராண்டனைப் பற்றி நீங்கள் பேசும்போது அது வெளியாள் பேச்சாகக் கேட்காது. 2002இல் ஜார்ஜ் புஷ் தேர்தலுக்கு முந்தைய நாட்களில் மாநிலம் மாநிலமாகச் சுற்றினார். ஜார்ஜியாவுக்கும் வந்தார், அவர் கட்சியின் சாக்ஸ்பி சாம்ப்ளிஸ் வென்றார், மூன்று கை கால்களைப் போரில் இழந்த நம் செனட்டர் மேக்ஸ் கிளீலண்ட் தோற்றார். அந்தத் தோல்வியைப் பற்றி இந்த ஊரில் இன்றும் மனம் கசந்து பேசுவோரைப் பார்த்திருக்கிறேன். அது செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த மறு ஆண்டு. நாட்டில் பெரும்பான்மையோர் அவர் பக்கம் நின்ற நேரம். அப்படியும் அவர் பலமுறை போய் வந்த தெற்கு டகோட்டாவில் எதிர்க்கட்சியின் டிம் ஜான்சன் 524 வாக்குகளில் தப்பித்துக்கொண்டார். காற்று பின்னாலிருந்து வீசும்போதே இவ்வளவுதான் கிடைக்கும் என்றால், எதிர்க்காற்றில் பாய் விரிக்கலாமா?

கறுப்பின வாக்காளர்களைத் திரட்ட நீங்கள் வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 11,779 வாக்குகளில் இந்த மாநிலம் உங்களுக்குக் கிடைத்ததற்கு அந்தச் சமூகத்தின் உழைப்பே முதல் காரணம். ஆனால் நேற்றைய வரிசையைப் பார்த்திருந்தால் அவர்களைத் திரட்ட வெளியிலிருந்து ஆள் வர வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நேற்றைய சனிக்கிழமை வாக்குப்பதிவே வழக்குப் போட்டு வாங்கியது. வியாழன் வெள்ளி விடுமுறை என்பதால் சனியன்று வாக்குப்பதிவு கூடாது என்று மாநில அரசு சட்டத்தைக் காட்டியது. அந்த வெள்ளிக்கிழமை விடுமுறை, ஒரு காலத்தில் அடிமை முறைக்காகப் போரிட்ட ராபர்ட் லீயின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்ட விடுமுறை. வார்னாக்கின் குழுவும் கட்சியும் நீதிமன்றம் போனார்கள், வென்றார்கள். நேற்று என் முன்னால் நின்ற அம்மையார் மடக்கு நாற்காலி கொண்டு வந்திருந்தார். வரிசை நகர நகர அதை மடித்து எடுத்து நாலடி தள்ளி மீண்டும் விரித்தார். தன் தாயார் வாக்காளராகப் பதிவு செய்யப் போன நாளைப் பற்றி என்னிடம் சொன்னார். வாக்குச்சாவடியின் 150 அடிக்குள் ஒரு புட்டித் தண்ணீர்கூட இன்னொருவர் கொடுக்கக் கூடாது என்று 2021இல் சட்டம் போட்ட மாநிலத்தில், அவர் தன் பையில் தனக்கான தண்ணீரோடு வந்திருந்தார். அவருக்கு ஊக்கம் தேவைப்படவில்லை. இன்னொரு வாக்குச்சாவடியும் இன்னும் சில இயந்திரங்களும்தான் தேவைப்பட்டன.

முன்னாள் அதிபர் ஒபாமா டிசம்பர் 1 அன்று வருகிறாரே, அவர் வரலாம், நான் வரக்கூடாதா என்று உங்களுக்கு மனவருத்தம் இருந்தால், அதற்கும் ஒன்று சொல்கிறேன். அவர் இன்று எந்தக் கோப்பிலும் கையெழுத்திடுவதில்லை. பெட்ரோல் விலைக்கு அவரை யாரும் பொறுப்பாக்க முடியாது. 2014இல் அவர் பதவியில் இருந்தபோது அவருடைய கட்சி வேட்பாளர்களே அவர் பக்கம் நிற்கக் கூசினார்கள். கென்டக்கியில் ஒருவர், தான் அவருக்கு வாக்களித்ததைச் சொல்லவே மறுத்துவிட்டார். நான் வாக்குச்சீட்டில் இல்லை, ஆனால் என் கொள்கைகள் சீட்டில் இருக்கின்றன என்று ஒபாமா பேசியதை எதிர்க்கட்சி அப்படியே வெட்டி எடுத்து விளம்பரமாக ஓட்டியது. அந்த ஆண்டு ஒன்பது செனட் இடங்கள் போயின. அதே மனிதர், அதே குரல். நாற்காலியை விட்டு இறங்கியபின் அந்தக் குரல் இனிக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு காலம் வரும்.

பாதுகாப்பு ஏற்பாடு என்ற சிறிய விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாஷிங்டனில் அது கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் இறங்கினால் அட்லாண்டாவின் நடுவே ஓடும் நெடுஞ்சாலை பிற்பகல் முழுக்க நின்றுபோகும். முன்கூட்டிய வாக்குப்பதிவுக்கு இந்த முறை இருப்பது நாளை முதல் வெள்ளிவரை ஐந்தே வேலை நாட்கள். வேலை முடிந்து ஐந்தரைக்கு வண்டியை எடுத்து ஏழு மணிக்குள் வரிசையில் நின்றுவிடலாம் என்று கணக்குப் போட்டவர் அன்று சாலையில் நிற்பார். வீடு வீடாகப் போக வேண்டிய எங்கள் தொண்டர்கள் அடையாள அட்டையோடு அரங்க வாசலில் நிற்பார்கள். ஏற்கெனவே வாக்களித்துவிட்டவர்கள் நிறைந்த அரங்கம் ஒன்று கைதட்டும். ஃபோர்சைத் கவுண்டியின் அந்தத் தெருவில் அன்று யாரும் மணி அடிக்க மாட்டார்கள்.

செனட்டில் 51 இடங்கள் ஏன் தேவை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெவாடா முடிவு வந்தபோதே ஐம்பது உறுதியாகிவிட்டது, துணை அதிபரின் வாக்கோடு சபை கையில் இருக்கிறது, இனி இது எதற்கு என்று சிலர் சோம்பல் முறிக்கிறார்கள். ஐம்பதுக்கு ஐம்பது என்றால் குழுக்களிலும் சரிபாதி. உச்ச நீதிமன்ற நீதிபதி கெடான்ஜி பிரவுன் ஜாக்சனின் நியமனம் ஏப்ரலில் குழுவில் 11-க்கு 11 என்று முட்டிக்கொண்டு நின்றது, சபையில் தனி வாக்கெடுப்பு நடத்தித்தான் அதை வெளியே எடுத்தார்கள். கமலா ஹாரிஸ் இரண்டு ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்ட முறை சமநிலையை முறிக்க ஓடிவர வேண்டியிருந்தது. இன்சுலினுக்கு வருவோம். 35 டாலர் வரம்பை எல்லாருக்கும் கொண்டுவர ஆகஸ்டில் முயன்றபோது 57 வாக்கு கிடைத்தும் அறுபது வேண்டும் என்பதால் விழுந்துபோனது. என் கடைக்கு வரும் நாற்பது வயது நோயாளிகளுக்கு இன்னும் அந்த வரம்பு இல்லை. மாதக் கடைசியில் எத்தனை நாளுக்கு ஊசி மிச்சம் இருக்கிறது என்று எண்ணி, அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். இந்த இருக்கை எனக்கு வெறும் எண்ணிக்கை அல்ல.

இருந்தும், இந்த இருக்கை உங்கள் கொடையாக வரக் கூடாது என்பதும் என் கருத்து. 1913வரை செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. பிறகு திருத்தம் கொண்டுவந்து அந்த உரிமையை எங்களிடம் கொடுத்தார்கள். உங்கள் நியமனங்களை நிறுத்துப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ வேண்டியவர் செனட்டர். அவரை நாங்கள் அனுப்பியதாக இருந்தால்தான் உங்களோடு ஒத்துப்போகும்போது அந்த ஒப்புதலுக்கு மதிப்பு இருக்கும். இந்த இரண்டாம் சுற்று முறையே 1964இல், கறுப்பின மக்கள் ஒன்றுசேர்ந்து ஒருவரை வெல்லவைத்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் புகுத்தப்பட்டது. அந்தப் பொறியையே ஏணியாக்கிப் போன முறை ஏறியவர் வார்னாக். இந்த முறையும் ஜார்ஜியா மக்கள் தாங்களே ஏற்றிவிட்டார்கள் என்று எழுதப்படட்டும்.

வராமல் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தொலைபேசியில் பணம் திரட்டித் தாருங்கள். நான்கு வாரத் தேர்தலில் தொலைக்காட்சி நேரமும் தபால் செலவும் மலையாக நிற்கின்றன. மற்ற மாநிலங்களில் இருந்துகொண்டே தொண்டர்களோடு அமர்ந்து எங்கள் வாக்காளர்களை அழைக்கச் சொல்லுங்கள். டிசம்பர் 9 கெடுவோடு ரயில் வேலைநிறுத்தம் கதவைத் தட்டுகிறது, அதை முடித்து வையுங்கள். சவானா துறைமுகத்துக்கு வரும் சரக்கு தேங்காமல் நகர்ந்தால், அது அங்குள்ள மக்களுக்கு நீங்கள் பேசும் எந்தப் பேச்சைவிடவும் பெரிய பிரசாரம்.

ஜனவரியில் வாருங்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளுக்கு எபனேசர் தேவாலயத்துக்கு வாருங்கள். வாக்கு எதுவும் கேட்க வேண்டியிராத ஒரு நாளில், பார்ன்ஸ்வில்லுக்கோ வால்டோஸ்டாவுக்கோ கூடப் போய், உங்களுக்கு வாக்களிக்காதவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நான் குடும்பத்தோடு வந்து சாலை ஓரத்தில் நிற்பேன்.

அந்த முதியவர் தன் மனைவி போட்டுக்கொள்ளும் இரண்டு வகை இன்சுலின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார், புதிய வரம்பு இரண்டுக்கும் பொருந்துமா என்று பார்த்துச் சொல்லும்படி. பார்த்துவிட்டேன், பொருந்தும். புதன்கிழமை மாலை அதைச் சொல்ல மறுபடி போகிறேன். அவர் கதவைத் திறக்கும்போது உள்ளே தொலைக்காட்சியில் உங்கள் விமானம் அட்லாண்டாவில் இறங்கும் காட்சி ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

நன்றியுடன்,
ஃபுல்டன் கவுண்டி வாக்காளர் ஒருவர்